அம்மாவின் குரலை வெட்டி எடுத்த மகனுக்கு

மகன்,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போன் எடுக்கும்போதெல்லாம் "அப்பா எங்க" என்று அம்மாவிடம் கேட்கிறாய். "வெளியில நிக்கிறார்" என்கிறாள் அவள். நான் வெளியில் நிற்பதில்லை. அவளுக்கு முன்னால் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்துகொண்டு, உன்னோடு கதைக்க விருப்பமில்லை என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னால் அவள் பொய் சொல்லவும் பழகிவிட்டாள். "அப்பாவுக்குக் கோவம் வந்தா இப்பிடித்தான், கொஞ்ச நாள்ல ஆறிடுவார்" என்று அவள் உனக்குச் சொல்வதும் என் காதில் விழுகிறது. நான் ஆறவில்லை. ஆறிய மனிதன் எழுதும் கடிதமாக இதை வாசிக்காதே. அடுத்த மாதம் உன் கல்யாணம். அந்த மண்டபத்தில், பெண் வீட்டார் எல்லாரும் பார்த்திருக்க, உன் அம்மாவைத் தலைகுனிய வைக்கப் போகிறாய். அது உனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கிட்டார் பழகிய கதையிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் எல்லாரும் "மாஸ்டரின்ட மகன், மாஸ்டரிட்டப் பழகினவன்" என்கிறார்கள். அது உண்மையில்லை என்று நம் இருவருக்கும் தெரியும். விரல்களை எங்கே வைப்பது என்று, கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் மூன்று கோர்ட் காட்டினேன். அதற்கு மேல் நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாட்டில் சண்டை முடிந்து கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பி, காற்றுக்காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியபோது, நீ அவர்களோடு போய் இருந்தாய். அவர்களில் ஒருவன் கம்பிகளை விரல்களால் தனித்தனியாகச் சுண்ட உனக்குக் காட்டிக்கொடுத்தான். மிச்சமெல்லாம் போனைப் பார்த்துப் பழகினாய். வீட்டில் ஒரு கிட்டார்க்காரன் இருக்க, பிள்ளை கடற்கரைக்குப் போய்ப் பழகியது எனக்கு உறுத்தியது. இப்போதும் உறுத்துகிறது.

ஆனால் நீ பழகிய விதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் கணிதம் படிப்பிப்பவன். ஒழுங்காக வேலை செய்பவனைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஒரு கோர்ட்டிலிருந்து அடுத்த கோர்ட்டுக்கு மாறும் அந்த ஒரு அசைவை மட்டும், ஓசை எழுப்பாமல், கம்பியைத் தொட்டுத் தொட்டு விட்டுப் பழகுவாய். பாட்டை முழுக்க ஓட்டாமல், கை தடுக்கும் இடத்தை மட்டும் எடுத்து, கேட்பவனுக்கு அலுத்துப்போகும் அளவுக்கு மெதுவாக வாசிப்பாய். இடது கையைப் பார்க்கக் கூடாது என்று சன்னல் பக்கம் திரும்பி இருப்பாய். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோமைப் போட்டு, அந்த டிக் டிக் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு போவாய். கை பழகியதும் அதைக் கொஞ்சம் வேகமாக்குவாய். உப்புக்காற்றில் துரு ஏறும் என்று வாசித்து முடிந்ததும் கம்பி கம்பியாகத் துடைத்து வைப்பாய். நாங்கள் இப்படிப் பழகவில்லை. ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்டு, அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்து, பிறகு கம்பியில் தேடிப் பிடிப்போம். பிழையாகப் பிடித்தால் அந்தப் பிழையே கையில் ஊறிவிடும். உன்னைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தது என்றுதான் எழுதுகிறேன், கவனி.

பிறகு நீர்கொழும்பில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு இசைக்குழுவில் சேர்ந்தாய், இணையத்தில் கிட்டார் படிப்பிக்கவும் தொடங்கினாய். அந்த வருடம் டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு பின்னேரம், அம்மா பலகாரம் சுட்டு முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து இருந்தாள். நீ போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, எங்கள் இருவரையும் ஒரு பாட்டுச் செய்யச் சொன்னாய். அவள் பாட, நான் வாசிக்க. எனக்கு அது பிடிக்கவில்லை. அப்போது நீ சொன்ன நியாயம் உனக்கு நினைவிருக்க வேண்டும். வாசிக்கும் நேரத்தில் காது ஏமாற்றும், கை செய்ய நினைத்ததைத்தான் காது கேட்கும், கை உண்மையில் என்ன செய்தது என்று அறிய வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு அடுத்த நாள் கேட்க வேண்டும், கிட்டார்க்காரன் தன்னைத் திருத்திக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது என்றாய். நல்ல பேச்சு. அதை நான் ஏற்றுக்கொண்டேன். அதன் பிறகும் தயங்கினேன். "நம்ம மூணு பேருக்கும்தான் அப்பா, வேற யாரு கேக்கப் போறா" என்றாய். அந்த வசனம் என்னிடம் அப்படியே இருக்கிறது.

அம்மாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தெரிந்ததை நீ யோசிப்பதில்லை. அவளுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு. சிலாபம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் தவறாமல் போகிறாள். மூச்சுக்கு இழுக்கும் பம்ப் கைப்பையில் இல்லாமல் கடைத்தெருவுக்கும் இறங்கமாட்டாள். கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்தால் இளைக்கும். உன்னோடு போனில் நீளமாகக் கதைத்தாலும் இளைக்கும். பாடும்போது மட்டும் இளைக்காது. இதை அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். தலவிலத் திருவிழாவுக்கு நேர்ச்சை வைத்து நடந்து போன வருடத்திலிருந்து, தன் பாட்டுக்கு மட்டும் புனித அன்னம்மாள் மூச்சைத் தந்து காக்கிறாள் என்பது அவளுடைய நம்பிக்கை. "கதைச்சா இளைக்கும், பாடினா இளைக்காது, டொக்டருக்கே விளங்கல்ல" என்று கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கும் பெண்களுக்குச் சொல்வாள். அதைக் கேட்டு அவர்களில் சிலர் நேர்ச்சையும் வைத்திருக்கிறார்கள்.

இனி நீ செய்த காரியம். அதை நான் வீட்டில் பார்க்கவில்லை. மதுரங்குளியில், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், இடைவேளையில் பார்த்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கும் நிஸாம் போனை நீட்டி, "மாஸ்டர், இது நீங்கதானே?" என்றார். நான்தான். நம் வீட்டுச் சுவருக்கு முன்னால், பெனியனோடு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு. திரையின் மூலையில் நீ சின்னதாக நின்று, கிட்டார் பழகுபவர்கள் விடும் பிழைகளை உலகத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். "இது எங்கட அப்பா. தங்கமான மனுசன். ஆனா ஒவ்வொரு வரி முடியவும் எங்கயோ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறார், பாருங்க" என்றாய். பிறகு என் வாசிப்புக்கு மேலே மெட்ரோனோமை ஓடவிட்டாய். வரி முடிந்தது. டிக் டிக் தன் பாட்டுக்குப் போனது. நான் நின்றேன். தடித்த பாஸ் கம்பியில் சும்மா இரண்டு சுரத்தைத் தடவினேன். பிறகு பிந்தி வந்து சேர்ந்தேன். அடுத்த வரியிலும் அப்படி. நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். கீழே பார்த்தவர்கள் போட்ட சிரிப்பு முகங்கள் வரிசையாக இருந்தன.

சிரித்ததைக்கூட நான் விழுங்கியிருப்பேன். அதில் அம்மாவின் குரல் இல்லை. என் கிட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலிருந்து குரலைப் பிரித்து எடுக்கும் ஏதோ ஒரு வசதியால் அவளை வெட்டி எடுத்துவிட்டாய், என் பிழை துப்புரவாகக் கேட்க வேண்டும் என்று. படத்திலும் அவள் இருந்த பக்கத்தைக் கத்தரித்திருந்தாய். அவளுடைய முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை அதை அம்மாவுக்குக் காட்டியபோது முதலில் அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு உனக்குப் போன் எடுத்து, "என்ர குரல் எங்க மகன்?" என்று கேட்டாள். "அது இடைஞ்சலா இருக்கும் அம்மா, கிட்டார் விளங்காது" என்றாய். அவள் போனை வைத்துவிட்டு, "நான் இடைஞ்சலாம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ பதிவு செய்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்கு "இழுவை மாஸ்டர்" என்று ஒரு பெயர் வந்தது. ஆசிரியர் அறையில் மணி அடித்தால் நிஸாம், "மாஸ்டர், வரி முடிஞ்சிட்டு, தேத்தண்ணி குடிப்பமா?" என்பார். நல்ல மனிதர், வன்மம் இல்லாத பகிடி, எனக்குத்தான் வன்மம். வகுப்பில் பின் வாங்கில் இருக்கும் பெடியன்கள், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பேனையால் மேசையில் டிக் டிக் என்று தட்டினார்கள். கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் மரியதாசுக்கு இது பெருநாள். அம்மா பாட, நான் வாசிக்கும் அந்தக் குழுவில் அவர் பல காலமாக என்மேல் குறை சொல்லி வந்தவர். "மாஸ்டர், உங்கட கிட்டாரால பாட்டு இழுபடுது, சனம் பூசைக்கு வந்ததா நித்திரைக்கு வந்ததா" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டவர். பாதரிடமும் அவர் போய்ச் சொல்ல, பாதர் என்னைக் கூப்பிட்டு, கொஞ்சம் சுறுசுறுப்பாக வாசித்தால் நல்லது என்று பக்குவமாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்து, பழையபடியே வாசித்தேன். இப்போது மரியதாசின் கையில் என் சொந்த மகனின் அத்தாட்சி. "பாத்தீங்களா, வீட்டுப் பிள்ளையே சொல்லுது" என்றார்.

மகன், வரி முடிவில் நான் எங்கும் போகவில்லை. உன் அம்மாவின் மூச்சு திரும்பி வரும்வரை நின்றேன்.

இதை ஒரு தரம் எழுதிவிட்டால் மிச்சம் லேசு. அவளுக்குப் பாடும்போதும் இளைக்கும். மற்ற நேரத்தைப் போலவே இளைக்கும். நாங்கள் கல்யாணம் கட்டிய புதிதில், கோயிலில் முதல் தரம் அவளுக்கு வாசித்தபோதே அதைக் கண்டுகொண்டேன். வரியின் கடைசிச் சொல்லில் அவள் குரலுக்குள் மெல்லிய காற்று ஒன்று சேரும். அது சேர்ந்தால், அடுத்த வரிக்கு அவளிடம் மூச்சில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் நான் கோர்ட்டைப் பிடித்துக்கொண்டு, பாஸ் கம்பியில் சும்மா நடப்பேன். கேட்பவர்களுக்கு அது ஒரு அலங்காரம். அவள் மூச்சை எடுத்ததும் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன். குழுவில் மற்றவர்கள் என் கிட்டாரைப் பார்த்து வருவதால் எல்லாரும் சேர்ந்து நிற்பார்கள். அவளுக்காக நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. காலம் போகப் போக மேல் சுரங்களும் அவளுக்கு எட்டாமல் போயின. கிட்டாரின் கழுத்தில் பூட்டும் கேப்போ என்ற கவ்வியை சுருதி குறைய ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறக்கி, கடைசியில் கழற்றியே வைத்துவிட்டேன். அவள், கன்னிப்பெண்ணாக இருந்தபோது பாடிய அதே சுருதியில் இன்னும் பாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். "இந்த வயசிலயும் இறங்கல்ல பாருங்க" என்பாள். ஓம், உண்மைதான் என்பேன்.

நீ ஏன் இதைக் கண்டுகொள்ளவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். உனக்கு என்னைவிட நல்ல காது. ஆனால் நீ பழகியதெல்லாம் தனியாக, காதுக்குள் டிக் டிக்கைப் போட்டுக்கொண்டு. அந்தப் பழக்கத்தால் கை சுத்தமாகும், அதை நான் மறுக்கவில்லை. வாசிப்பவனுக்கு வேறொரு பழக்கமும் வேண்டும்: பாடுகிற ஒரு ஆளுக்குப் பக்கத்தில் இருந்து, அந்த ஆளின் வாயையும் தோளையும் பார்த்து வாசிப்பது. உன்னுடைய பாடம் எதிலும் அது இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், ஒன்று விடாமல். கையைச் சூடாக்குவது, சுரங்களை வரிசையாக ஸ்கேல் ஓட்டுவது, விரல் நுனி காய்த்துப்போவதைப் பொறுப்பது, பெருவிரலை எங்கே வைப்பது, எல்லாம் இருக்கிறது. பாடுபவருக்கு மூச்சு முடிந்தால் என்ன செய்வது என்பது இல்லை.

உன் வீடியோவுக்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு கணித அறையைப் பூட்டிக்கொண்டு, நீ சொன்ன முறையிலேயே பழகினேன். மெட்ரோனோமை மெதுவாகப் போட்டு, கை பழகியதும் ஏற்றி, பதிவு செய்து, அடுத்த நாள் கேட்டு. என் பெருவிரல் கிட்டார்க் கழுத்துக்கு மேலே ஏறி நிற்கிறது என்று அந்த வீடியோவில் சொன்னாய், உண்மைதான், இறக்கினேன். ஓரச் சுண்டுவிரலைச் சோம்பேறியாக விடுகிறேன் என்றாய், அதுவும் உண்மை. என் கை நன்றாகிவிட்டது, மகன். மணிக்கூட்டைப் போல வாசிக்கிறேன். நீ சொன்னது பிழையாக இருந்திருந்தால் உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

மரியதாசின் முகத்தில் கரி பூச வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக வாசித்தேன். நிற்கவில்லை. முதல் வரி போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதின் நடுவில் அம்மாவின் குரல் அறுந்தது. கடைசிச் சொல் வரவில்லை. இருமல் வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் பாடிக்கொண்டே போனார்கள். அன்று தாளம் கச்சிதம் என்று மரியதாஸ் எனக்குக் கை கொடுத்தார். வீடு திரும்பும் வழியில் அம்மா, கடற்காற்றுத் தொண்டையைக் காய வைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டாருக்குச் சொன்னாள். வீட்டுக்குள் வந்ததும் பம்பை இழுத்துவிட்டு, "அன்னம்மாளுக்கு என்னில ஏதும் கோவமா இருக்குமா?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் முகம் இருந்த மாதிரி, நாங்கள் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு நான் பழையபடி இழுத்தேன். அவள் பாடினாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று மெழுகுதிரி கொளுத்தினாள். மரியதாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்குள் உன் போன் வந்தது. கல்யாண மண்டபத்தில் அம்மா பாட வேண்டும், அப்பா வாசிக்க வேண்டும், உன் நண்பர்கள் பின்னால் டிரம்ஸும் பாஸும் கீபோர்டும் வாசிப்பார்கள், எல்லாருடைய காதிலும் அந்த டிக் டிக், கிளிக், ஓடும், அப்பாவின் காதுக்கும் ஒன்று. "அதக் காதில போட்டுக்கொண்டாக் காணும், இனி இழுபடாது" என்று சொல்லிச் சிரித்தாய். அம்மா ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அவளுக்கு உன் பகிடி எதுவும் ஏறவில்லை. "அவனுக்கு என்ர குரல் வேணுமாம், பாத்தீங்களா" என்றாள். இடைஞ்சல் என்று நீ சொன்னதை அவள் மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது மீன் கழுவும்போதும் அந்தப் பாட்டுத்தான். கிளினிக்கில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. சேலையும் எடுத்துவிட்டாள், கடல் நிறம். உன் நண்பர்கள் கிளிக்கோடு ஓடும்போது, மூன்றாம் வரியில் அவள் நின்றுவிடுவாள். அவளுக்கு அறிமுகமில்லாத சனத்துக்கு முன்னால், கையில் ஒலிவாங்கியோடு, இருமிக்கொண்டு. அதற்குப் பிறகு அவள் பாடமாட்டாள். அதைவிட மோசம், அன்னம்மாள் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று மகனின் கல்யாண நாளிலிருந்து சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பாள்.

கிளிக்கை மெதுவாக்கலாமே என்று சொல்வாய். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் மூச்சு ஒரே இடத்தில் முடிவதில்லை. ஒரு நாள் இரண்டாம் வரியில், ஒரு நாள் நாலாம் வரியில், பனிக்காலத்தில் வரிக்கு வரி. மெதுவாக்கினால் வரி நீண்டு, மூச்சு பாதியிலேயே, இன்னும் கெதியாக முடியும். நான் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். அப்போது உன் நண்பர்களில் ஒருவன் என் இடத்தில் இருந்து, கச்சிதமாக வாசித்து அவளைக் கொல்லுவான். பாட்டே வேண்டாம் என்று நீ சொன்னால், மறுபடியும் இடைஞ்சல் ஆகிவிட்டேன் என்பாள். எல்லா வழியையும் நீ அடைத்துவிட்டு நிற்கிறாய், அடைத்தது தெரியாமலே.

ஆகவே கேள். அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வேண்டாம், கிளிக் வேண்டாம். என் கிட்டாரும் உன் கிட்டாரும் மட்டும். என் இடத்தை உனக்குத் தந்துவிட்டுச் சபையில் போய் இருந்து கண் கலங்குவேன் என்று நினைக்காதே. நான்தான் வாசிப்பேன். நீ எனக்குப் பக்கத்தில், இரண்டாவதாக. அதற்கு நீ பழக வேண்டும், பழகத்தான் உனக்குத் தெரியுமே. வெட்டாத பதிவு உன்னிடம் இருக்கும். அதை எடு. முதலில் கிட்டாரைத் தொடாமல், அவள் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று மட்டும் கேள். கடைசிச் சொல்லில் காற்றுச் சேருவதைக் காது பிடிக்கும்வரை கேள். பிறகு அவளோடு சேர்ந்து வாசி. வரி முடிவில் கையை நிறுத்தாமல், ஆனால் அடுத்த வரியை எடுக்காமல், கோர்ட்டுக்குள்ளேயே இருக்கப் பழகு. அதுதான் கஷ்டம். கையை வேகமாக ஓட்ட உன் வயதில் எல்லாருக்கும் முடியும். போகத் தெரிந்த கையை நிற்க வைக்கப் பழகுவதற்குத்தான் எனக்கு வருடக்கணக்காகியது. நின்றது தெரியாமலும் நிற்க வேண்டும். அவள் கண்டுவிட்டால் எல்லாம் வீண். பிறகு கல்யாணத்துக்கு முந்திய சனிக்கிழமை வீட்டுக்கு வா. ஒத்திகை என்று சொல். நானும் அவளும் நீயும் இருந்து செய்து பார்ப்போம்.

அந்த வீடியோவை என்ன செய்வது என்று கேட்பாய். அப்படியே கிடக்கட்டும். அழித்தால் ஏன் அழித்தாய் என்று அம்மா கேட்பாள், உனக்கு அவளிடம் பொய் சொல்ல வராது. அதைவிட முக்கியம், பிழையைத் திருத்துகிறேன், அப்பா உண்மையில் இதற்காகத்தான் நின்றார் என்று உருக்கமாக இன்னொன்று போட்டுவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். உனக்கு அது நல்ல விஷயமாகப் படும், பார்ப்பவர்களும் அழுவார்கள். நிஸாம் தேத்தண்ணிக்குக் கூப்பிடட்டும். மரியதாஸ் சொல்வதைச் சொல்லட்டும். நான் இழுவை மாஸ்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன். மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. மூன்று பேருக்கு மட்டும் என்று சொல்லி வாங்கியதை நீ ஊருக்குக் கொடுத்தாய். அது எனக்குள் கிடக்கும்.

கல்யாணம் கட்டப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். உன் பெண்ணை நான் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். தமிழும் சிங்களமும் கலந்து கதைக்கிறாள், நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. அவளுக்கும் எங்கேயாவது மூச்சு முடியும். எங்கே என்று அவள் உனக்குச் சொல்லமாட்டாள், அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம். நீதான் கேட்டுப் பிடிக்க வேண்டும். அவள் பிந்துகிறாள் என்று கண்டால், அவளை எடுத்துவிட்டு உன் தாளம் சரியா என்று பார்க்காதே. இவ்வளவுதான் என் புத்தி. இதற்கு மேல் சொன்னால் என் கோபம் குறைந்துவிட்டது என்று நினைப்பாய்.

இதை ஞாயிறு பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்றுதான் முதலில் இருந்தேன். நீ ஊருக்கு முன்னால் செய்ததற்கு ஊருக்கு முன்னால் பதில். ஆனால் ஞாயிறு பத்திரிகையை அம்மா முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பாள். ஆகவே தபாலில் வருகிறது. நம் ஊர்த் தபாற்கந்தோரில் போடமாட்டேன். அங்கே முத்திரை குத்தும் பிலோமினா பாடகர் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவள். மதுரங்குளிச் சந்தியில் போடுவேன். உறையின் பின்பக்கம் அனுப்புபவரின் பெயரும் இருக்காது. நீ அடிக்கடி அறை மாறுகிறவன். ஆள் இல்லை என்று கடிதம் திரும்பினால் வீட்டுக்குத்தான் வரும், வீட்டுக்கு வரும் கடிதங்களை உடைப்பது அவள். வாசித்ததும் கிழித்து எறிந்துவிடு. கீழே என்ன எழுதுவது என்று இவ்வளவு நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அன்புடன் என்று எழுதினால் இன்றைக்கு அது பொய். அப்பா என்று மட்டும் எழுதினால் எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும். அந்தச் சனிக்கிழமை நீ வந்து, கிட்டாரை எடுத்து, அவள் மூச்சு எடுக்கும்வரை அவளுக்குத் தெரியாமல் நின்று காட்டு. அதற்குப் பிறகு வேண்டுமானால் என்னிடம் கையெழுத்துக் கேள். இப்போது கையெழுத்து வைக்காமலே தபாலில் சேர்க்கிறேன்.